காயவைக்கக் கூடாத மண்

ஆய்வுகூடத்துக்கு எந்த மண் வந்தாலும் முதலில் அதைக் காயவைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையிலேயே நீங்களும் பழகியிருப்பீர்கள்: தட்டில் பரப்பு, காயவை, நொறுக்கு, சலி, மற்றதெல்லாம் பிறகு. ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டு மண்ணுக்கு மட்டும் அப்படிச் செய்யாதே என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது ஏன் என்பது எனக்கு ஒரு விடுதியின் சாப்பாட்டு அறையில் வைத்துத்தான் உறைத்தது. ஓய்வு பெற்றவனுக்கு வாய் நீளம் என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கே ஒரு எரிமலை வெடித்தது. அதன் வாய் இருந்த இடத்தில் இன்று ஒரு ஏரி கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் அதைச் சுற்றி நடக்கிறது. அன்று விழுந்த சாம்பலும் நுரைக்கல்லும்தான் சுற்றியுள்ள மலைகளின் மேல் மண்ணாகி, அதன் மேல் காடாகி நிற்கின்றன. இலையும் ஊசியும் விழுந்து உக்கியதில் மண் கறுத்திருக்கும். முதல் தடவை சவளைக் குத்தி மண்ணை அள்ளுகிறவன் ஏமாறுவான். பாரம் என்று நினைத்துத் தூக்கினால் கை மேலே போய்விடும், அவ்வளவு லேசு. ஒரு பிடியை எடுத்துப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பிட்டு மாதிரி நிற்கும், நிற்கும், இன்னும் நிற்கும். பிறகு ஒரு கணத்தில் நெகிழ்ந்துபோய் விரலிடுக்கால் தண்ணீர் வடியும். சும்மா விட்டால் திரும்ப இறுகிவிடும். அவ்வளவு ஈரத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றும் காட்டாத மண். அழுத்தக்காரர் என்று ஊரில் சிலரைச் சொல்வோமே, அந்த ரகம்.

எங்கள் ஷெஃப், இங்கே மேலதிகாரியை அப்படித்தான் அழைப்பது, எனக்கு முதல் நாள் சொன்னது இரண்டே விசயம்: இந்த மண்ணை ஆட்டாதே, காயவிடாதே. மற்றபடி அது நல்ல பிள்ளை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த புயல்கள் அந்த மலைகளின் ஊசியிலை மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயின. பின்னால் வண்டு விழுந்தது. சில ஆண்டுகள் கழித்தும் ஒரு சரிவில் மரம் எடுபடாமல் கிடந்தது. ஊர்ச்சபை அந்தச் சரிவின் இடுப்பில் ஒரு பாதை வெட்டி, பெரிய இயந்திரங்களை இறக்கி மரத்தை இழுக்க யோசித்தது. சரிவு தாங்குமா என்று சொல்லும் பொறுப்பு எங்கள் ஷெஃபிடம் வந்தது. அந்தச் சரிவின் அடியில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன்.

வீட்டுக்காரி ஃப்ராவ் லென்ட்ஸ், ஃப்ராவ் என்றால் திருமதி, எழுபதை நெருங்கிய விதவை. முன்பெல்லாம் கோடை விருந்தினர் வந்து நிறைகிற வீடாம். நான் போனபோது சாப்பாட்டு அறை நிறைய மேசை, ஆள் நான் ஒருவன். அந்த அறைக்கும் குசினிக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னச் சன்னல் இருந்தது. அவர் சமைத்து அதனூடாகத் தட்டை நீட்டுவார். நான் வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போவேன். அவர் தன் தட்டோடு குசினி மேசையில் இருப்பார். விருந்தாளி விருந்தாளியின் பக்கம், வீட்டுக்காரி வீட்டுக்காரியின் பக்கம். அதுதான் அந்தத் தொழிலின் மரியாதை. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கரண்டிச் சத்தம், அந்தப் பக்கம் ஒரு கரண்டிச் சத்தம். சன்னலைப் பாதி திறந்து விடுவார். அதற்கு மேல் இல்லை.

எனக்கும் பேச ஆளில்லை. மனைவியும் சின்ன மகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்குப் போட்ட அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எந்த அதிகாரியின் மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஷெஃப் கிழமைக்கு இரண்டு தரம் பான் நகரிலிருந்து வந்து, மண் எடுக்க நான் வெட்டிய குழிகளைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காடும் நானும்தான். பகல் முழுவதும் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பின்னேரம் சன்னலுக்கு முன் நின்று வணக்கம் சொல்லும்போது என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்கும். தனி மரம் தோப்பாகாது என்பார்கள். நான் தோப்புக்கு நடுவில் தனி மரமாக நின்றேன்.

அந்தச் சன்னலால் சாப்பாட்டோடு சொலவடையும் வரும். எனக்கு அதுதான் ருசி. அவர் பேசியது ஜெர்மன். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். மழை நாளில், “வானம் அழுதால் கிழங்கு சிரிக்கும்” என்பார். நான் இரண்டாம் தடவை கேட்காமல் எழும்பினால், “வெக்கப்பட்ட நாய்க்கு வயிறு ஒட்டும், ஹெர் சிவம்” என்று மரியாதையோடு சொல்வார். நான் என் உடைந்த ஜெர்மனில், “எங்கடை ஊரிலை அழுத பிள்ளைக்குத்தான் பால்” என்று நீட்டுவேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்கும். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

குசினிக் கூரையில் நூலில் கோத்த காளானும் வளையம் வளையமாக வெட்டிய ஆப்பிளும் கட்டுக்கட்டாக மூலிகையும் தொங்கும். “ஈரமானது அழுகும், காய்ஞ்சது காத்திருக்கும்.” அது அவருடைய தாயின் சொல்லாம். பனங்கிழங்கு ஒடியலும் மோர்மிளகாயும் காயப்போட்ட முற்றத்தில் வளர்ந்தவன் நான். எனக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடித்துப்போனது.

இரண்டு மாதமாக எடுத்த மண் முழுவதும் அவருடைய கெல்லரில், நிலத்துக்குக் கீழே உள்ள குளிர் அறையில், உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஈரம் போகாமல் பொலித்தீன் பைகளில் இறுக்கிக் கட்டியது பாதி. குலையாமல் உருக்கு வளையத்தோடு வெட்டி எடுத்தது பாதி. திங்கட்கிழமை வாகனம் வந்து ஏற்றும். வியாழக்கிழமை ஊர்ச்சபைக் கூட்டம். அதற்குள் முக்கியமான சில எண்களை ஆய்வுகூடம் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அதற்கு முந்திய சனி ஞாயிறு நான் பானுக்குப் போனேன். ஒரு நண்பர் வீட்டுத் தொலைபேசிக்கு மனைவி எடுப்பதாக ஏற்பாடு. இரண்டு நாளும் அதற்குப் பக்கத்தில் இருந்தேன். நண்பரின் பிள்ளைகள் விளையாட்டாக ஓடி வந்து வயரில் கால் தட்டினாலும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். அழைப்பு வரவில்லை. ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறித் திரும்பினேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. கூடவே மண் வாசம்.

சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேசை பேப்பர் விரித்து, அதன் மேல் எங்கள் மண் பரப்பியிருந்தது. மூலையில் இருந்த பெரிய சூட்டடுப்பு முழங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மண்ணுக்கும் பக்கத்தில் அதன் பெயர்த்துண்டு, பறக்காமல் ஒரு நுரைக்கல் பாரம். வளையங்களிலிருந்த மண்ணையும் தட்டி எடுத்து, வளையங்களைக் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தார். வெள்ளிக் காப்பு மாதிரி மின்னின. ஒரே ஒரு மேசையில்தான் மண் இல்லை. அது என் மேசை. அதில் தட்டும் கரண்டியும் வைத்திருந்தார்.

சன்னலுக்கு அப்பால் அவருடைய முகம் சிவந்து, வேர்த்து, ஒரு சின்னப்பிள்ளையினது போல் இருந்தது.

“கெல்லருக்குக் கிழங்கெடுக்கப் போனனான், ஹெர் சிவம். உங்கடை பையெல்லாம் வேர்த்து ஒழுகிக்கொண்டு கிடந்துது. பூஞ்சணம் பிடிச்சால் ரெண்டு மாச வேலையும் போச்சுதெல்லோ? நீங்கள் போன உடனை அடுப்பைப் போட்டிட்டன். ஒண்டையும் மாத்தேல்லை, பயப்பிடாதேங்கோ. எந்தப் பையோ அந்தப் பேர்.”

நான் அடுத்த மேசையில் ஒரு கட்டியைத் தொட்டேன். விரலில் தூளாகிப் பறந்தது.

“நல்லாக் காய்ஞ்சிருக்கோ?” என்று கேட்டார்.

“ஓம். நல்லாக் காய்ஞ்சிருக்கு. நன்றி, ஃப்ராவ் லென்ட்ஸ்.”

“உங்கடை மனுசி கதைச்சவவோ?”

“ஓம்,” என்றேன். “எல்லாரும் சுகமாம்.”

அன்று சூப் மிகவும் நன்றாக இருந்தது. சொல்லவும் செய்தேன்.

மறுநாள் காலை அருளப்பு வான் வண்டியோடு வந்தான். மன்னார் ஆள், ஆய்வுகூடத்துக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவன், வாய்க்குக் கடிவாளம் கிடையாது. வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“என்னண்ணை, வத்தல் போட்டிருக்கிறியளோ?”

“மெல்லமாக் கதை.”

“அந்த மனிசிக்குத் தமிழ் விளங்குமோ?”

விளங்காதுதான். இருந்தாலும் சன்னல் பாதி திறந்திருந்தது. நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

“உதுக்கேன் முகத்தைத் தொங்கப் போடுறியள்? தண்ணியைத் தெளிச்சுப் பிசைஞ்சு கட்டுங்கோ. இடியப்பத்துக்கு மாக் குழைக்கத் தெரியாதோ? ஆருக்குத் தெரியப்போகுது?”

நான் ஒரு சோசரில் தண்ணீர் எடுத்து ஒரு பிடி மண்ணைப் போட்டேன். ரசத்தில் மிளகுத்தூள் போல அது மேலேயே மிதந்தது. அருளப்பு விரலை உள்ளே விட்டு எடுத்தான். விரலில் தூள்தான் ஒட்டியிருந்தது.

“அட, தண்ணிக்குப் பயந்த மண்!”

“குடிச்சுக் குடிச்சு இருந்த மண் இது. ஒருக்காக் காய்ஞ்சுதெண்டால் பழையபடி குடிக்காது.”

“எங்கடை சித்தப்பாவை ஒருக்கா இந்த அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு வரோணும்,” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அன்று நான் ஏதாவது அவசரத்தில் செய்திருப்பேன்.

ஏனென்றால் அவன் சொன்ன வழி நடக்காத வழி இல்லை. கை வலிக்கப் பிசைந்தால் ஈரமாகத் தெரியும்படி செய்யலாம். ஆய்வுகூடமும் எண் தரும். கோணலான எண் வந்தால்கூடப் பரவாயில்லை, யாராவது சந்தேகப்படுவார்கள். வரப்போவது நல்ல எண்! தண்ணீர் குறைவு, ஆட்டினாலும் நெகிழாது, சாதாரண மண் என்று வரும். பாதை வெட்டலாம் என்று கூட்டம் முடிவெடுக்கும். ஒன்றும் அனுப்பாமல் விட்டாலும் அதே முடிவுதான், மறுத்துச் சொல்ல ஆதாரம் இல்லையே. பாதைக்குக் கீழே இருந்தது அந்த வீடு. அதன் சன்னலுக்கு அப்பால் அவர் பாட்டுக்குக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

ஷெஃப் தெற்கே ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். புதன் பின்னேரம்தான் வருவார். கைத்தொலைபேசி பெரிய மனிதர்களிடம் மட்டும் இருந்த காலம். வானொலி உறைபனி வரும் என்றது. நிலம் உறைந்தால் பிறகு சவள் இறங்காது.

இப்படியான நேரத்தில் உடம்பு ஓடச் சொல்லும். எங்கே என்று சொல்லாது. பதறாத காரியம் சிதறாது என்ற சொல்லை நான் சின்ன வயதில் வெறும் எதுகை என்று நினைத்தேன். அன்று தேநீர் போட்டு, இருந்து, முழுவதையும் குடித்தேன். போனதை எண்ணுவதை விட்டுவிட்டு மிச்சம் என்ன என்று பார்த்தேன். மலை மிச்சமிருந்தது. குழிகளை நாங்கள் இன்னும் மூடவில்லை. குழிச் சுவர் வெளியில் வாடியிருக்கும், ஆனால் ஒரு முழம் உள்ளே செதுக்கினால் பின்னால் ஈரம் அப்படியே இருக்கும். இரண்டு மாத வேலையை ஒரு பகலில் திருப்பிச் செய்ய ஏலாது. அந்த வீட்டுக்கு நேர் மேலே, பாதை குறுக்கிடும் கோட்டில் இருந்த குழிகளை மட்டும் செய்யலாம். மற்றக் குழிகளால் வரும் கேள்விகளுக்கு ஷெஃப் பதில் சொல்லட்டும். இந்தக் கேள்விக்கு நான் சொல்ல வேண்டும்.

“அருளப்பு, ஒரு பகல் நிப்பியோ?”

“வானுக்கு வயித்தாலை போகுதெண்டு சொல்லுறன். ஒயில் ஒழுகுதெண்டால் நம்புவாங்கள். சவள் எங்கை?”

நாங்கள் வளையங்களை அள்ளிக்கொண்டு கிளம்புவதை ஃப்ராவ் லென்ட்ஸ் பார்த்துவிட்டார்.

“திரும்பவும் ஏன்?”

“இன்னும் கொஞ்சம் வேணுமாம்,” என்றேன்.

அவர் உள்ளே போய், பாணும் சீஸும் சுற்றிக் கொண்டுவந்து அருளப்புவின் கையில் வைத்தார். “மெலிஞ்ச பெடியன்,” என்றார். அருளப்பு வாழ்க்கையில் மெலிந்திருந்ததே இல்லை.

மேலே மழையும் பனியும் கலந்து தூறியது. நான் சுவரைச் செதுக்க, அருளப்பு குழி விளிம்பில் நின்று வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கினான். ஒவ்வொரு அடிக்கும் அவனுடைய காலைச் சுற்றி மண் நடுங்கியது. தயிர்ச் சட்டியைத் தட்டினால் மேலே தண்ணீர் வருமே, அப்படி அவன் சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. அவன் அடிப்பதை நிறுத்தினான்.

“அண்ணை, கீழை ஆரோ மூச்சு விடுற மாதிரிக் கிடக்கு.”

“குதிக்காதை. மெல்லமாத் தட்டு.”

“ஒரு சுத்தியலுக்கே இப்பிடியெண்டால்…” என்று தொடங்கியவன் சரிவுக்குக் கீழே பார்த்தான். மரங்களுக்கு நடுவே அந்த வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. புகை எங்கள் காலுக்கு நேர் கீழிருந்து வந்தது போல் இருந்தது. அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவன் பகிடி விடவில்லை.

ஈர மண்ணை அன்றே ஏற்றி அனுப்பினேன். காய்ந்ததை அனுப்பவில்லை. ‘அடுப்படியில் காய்ந்தது’ என்று பெட்டியின் மேல் பெரிதாக எழுதி என் அறையில் வைத்தேன். எறிந்திருக்க வேண்டியது. ஆனால் அவ்வளவு ஒழுங்காகப் பரப்பியதை எறியக் கை வரவில்லை. தம்பி தங்கைகளே, பாழாய்ப்போன மண்ணையும் பெயர் சொல்லி வைத்திருங்கள். என்ன ஆனது என்று உண்மையாக எழுதியிருந்தால் அதுவும் ஒரு சாட்சிதான்.

புதன் பின்னேரம் ஷெஃப் வந்தார். நரைத்த தாடி, உயர்ந்த ஆள், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். பெட்டியைத் திறந்து ஒரு கட்டியை விரலிடையில் நொறுக்கினார்.

“ஆர் காயவைச்சது?”

“வீடு நல்ல சூடு, ஷெஃப்.”

“வீடு வளையத்தைக் கழுவி அடுக்காது. நீரும் அடுக்கமாட்டீர், உம்மடை ஒழுங்கு எனக்குத் தெரியும்.”

அவர் சன்னலைப் பார்த்தார். குசினியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. நான் திங்கட்கிழமை செய்ததை முழுவதும் சொல்லச் சொன்னார், கேட்டார். கடைசியில் தூளைத் தட்டிவிட்டு, “பாதை வெட்டினால் வெட்டு முகத்துக்கு இதுதான் நடக்கும்,” என்றார். “நிழல் போகும். வெயிலும் காத்தும் அடிச்சு இப்பிடித் தூளாகும். பிறகு வாற மழையை அது குடிக்காது, எல்லாம் கீழை ஓடும். இதை ஊருக்கு என்னெண்டு விளங்கப்படுத்துறது எண்டு வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான். நாளைக்கு ரெண்டு கண்ணாடிக் கிண்ணம் கொண்டு வாரும்.”

கூட்டம் தீயணைப்புக்காரரின் மண்டபத்தில் நடந்தது. ஃப்ராவ் லென்ட்ஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் தனியாக இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் காலி. ஆய்வுகூடத்து எண்கள் வந்திருந்தன, ஷெஃப் வாசித்தார். எண்ணுக்கு யார் பயப்படுவார்கள்? முன் வரிசையில் இருந்த, மரம் வாங்கி விற்கிற மரக்காலை முதலாளி எழும்பினார்.

“ஹெர் டொக்டர், அது மண். எங்கடை பாட்டன் காலத்திலையும் அங்கைதான் கிடந்துது. எங்கை எழும்பிப் போகப்போகுது?”

மண்டபம் சிரித்தது. ஷெஃபும் சிரித்தார். இரண்டு கிண்ணத்திலும் மண்ணைப் போட்டார்: ஒன்றில் காய்ந்தது, மற்றதில் அதே குழியின் ஈர மண்.

“ரெண்டும் ஒரே இடம்,” என்றார். “இது மிகவும் கவனமாக, ஒரு அடுப்படியில் காயவைக்கப்பட்டது.”

அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அது பொய்யுமில்லை. தண்ணீர் ஊற்றினார். ஈர மண் அசையாமல் கிடந்தது, தண்ணீரும் தெளிவாக நின்றது. காய்ந்த மண் மேலே எழும்பி மிதந்தது. கிண்ணத்தைச் சரித்தபோது தண்ணீரும் தூளுமாக மேசை விரிப்பில் ஓடியது. பிறகு ஈரக் கட்டி ஒன்றை எடுத்து மரக்காலை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

“அழுத்துங்கோ. இன்னும். இயந்திரம் போற மாதிரி.”

அவர் அழுத்தினார். நின்றது, நின்றது. பிறகு கையிலிருந்து குழம்பாகி அவருடைய நல்ல காற்சட்டையில் வடிந்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

சரிவின் இடுப்பில் பாதை இல்லை என்று முடிவாயிற்று. நிலம் உறைந்த பிறகு குதிரைகளைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மரத்தை இறக்குவது. இறக்க முடியாததை அங்கேயே உக்க விடுவது. வீடு தப்பியது. நான் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன், அவர் மகிழ்ந்திருப்பார் என்று. அவர் மேசையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு இருவரும் சேர்ந்துதான் நடந்தோம். ஏற்றம். பாதி வழியில் அவர் கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

“அது நான் காயவைச்ச மண்,” என்றார்.

“ஓம்.”

“உங்கடை ரெண்டு மாச வேலையை நான் பாழாக்கிப்போட்டன். நீங்கள் நன்றி சொன்னனீங்கள்.”

“நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள். மனம் நோகும் எண்டு…”

அவர் நின்றுவிட்டார்.

“என்ரை மனுசனுக்குச் சாகப்போற வருத்தம் எண்டு ஆசுப்பத்திரிக்காரருக்குத் தெரியும், அவரின்ரை தமையனுக்குத் தெரியும், இந்த ஊருக்கே தெரியும். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை மனம் நோகுமாம். கடைசிக் கிழமையிலையும் நான் அவருக்குக் கோடைக்குப் போடச் சட்டை தைச்சுக்கொண்டிருந்தனான். எல்லாரும் எனக்கு நல்லது செய்து செய்துதான் நான் இப்பிடித் தனிய இருக்கிறன், ஹெர் சிவம். நீங்களும் செய்யாதேங்கோ.”

எனக்குச் சொலவடை ஒன்றும் வரவில்லை. எத்தனையோ சேர்த்து வைத்திருந்தவன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“மனுசி கதைக்கேல்லை. ரெண்டு நாளும் காவலிருந்தன். கோல் வரேல்லை. ஏனெண்டும் தெரியேல்லை.”

“தெரியும்,” என்றார். “கதைச்சவன்ரை முகம் அப்பிடி இராது. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

மறுநாள் நான் குழிகளை மூடப் போகும்போது அவர் றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “எனக்கும் காட்டுங்கோ,” என்றார். மெல்ல மெல்ல ஏறினோம். குழிக்குள் இறங்கக் கை கொடுத்தேன். சுவரிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். மேலே கறுப்பு, கீழே பழுப்பு, அதற்கும் கீழே நுரைக்கல். அவர் பெருவிரலை வைத்தார். வெகுநேரம் அழுத்தினார்.

“நிக்குது.”

“இன்னும் கொஞ்சம்.”

கட்டி நெகிழ்ந்து அவர் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் சட்டைக் கைக்குள் ஓடியது. அவர் “ஓ!” என்று கத்தினார். பிறகு கையை ஆட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு அது திரும்ப இறுகுகிறதா என்று பார்த்தார்.

“இதுக்குக் கீழை இத்தினை வருசம் படுத்தெழும்பியிருக்கிறன்,” என்றார். “ஒருக்காலும் தொட்டுப் பாக்கேல்லை.”

அதனால்தான் சொல்கிறேன். எந்த வீட்டில் தங்கி வேலை செய்தாலும் முதல் நாளே வீட்டுக்காரரைக் கெல்லருக்குக் கூட்டிப்போய், இது இன்ன மண், இதை இப்படித்தான் வைத்திருக்க வேண்டும், காரணம் இது என்று சொல்லுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் அதையும் சொல்லுங்கள். மறைப்பது மரியாதை என்று எனக்கும் யாரோ பழக்கியிருந்தார்கள். கேட்டால் தாங்கமாட்டார் என்று நாம் முடிவு கட்டும் மனிதர், அதைவிடப் பெரியதை எல்லாம் ஏற்கெனவே தாங்கிக்கொண்டு நம் முன்னால் நிற்கிறார்.

அன்று மத்தியானம் நான் சன்னலுக்கு முன்னால் போய் நின்றேன். சாத்தியிருந்தது. கோபமாக்கும் என்று நினைத்தேன். சாப்பாடு கதவு வழியாக வந்தது. இரண்டு தட்டு. அவர் என் மேசையில் எனக்கு எதிரே இருந்து, மடியில் துணியை விரித்து, “ஆறுறதுக்கு முந்திச் சாப்பிடுங்கோ” என்றார். கரண்டிச் சத்தம் இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து கேட்டது.

பின்னேரம் அருளப்பு வந்து என்னையும் சவள்களையும் ஏற்றினான். வேலை முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு எங்களை வேறு மலைக்கு அனுப்பினார்கள். என் மனைவியும் மகளும் பிறகு ஒரு வழியாக வந்து சேர்ந்தார்கள், அது வேறு கதை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, ஃப்ராவ் லென்ட்ஸுக்கு வாழ்த்து அனுப்புவேன், அவரும் அனுப்புவார். சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. சரிவு அப்படியே நிற்கிறதாம், காடு திரும்பவும் அடர்த்தியாக வந்துவிட்டதாம்.

நான் போன பிறகு அவர் எந்த மேசையில் இருந்து சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதியிருக்கலாம்.